எம்.எஃப். டூமின் ‘ஆப்பரேஷன்: டூம்ஸ்டே’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆல்பத்தை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவது எனக்கு ஒரு பழக்கம், வீட்டில் சொல்வதுபோல் ஒரு வியாதி. கேட்டவர்கள் திரும்பி வந்து கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யாருப்பா இந்த எம்.எஃப். டூம்? சுருக்கமாகச் சொல்லு.

இயற்பெயர் டேனியல் டூமிலே. லண்டனில் 1971-இல் பிறந்தவர். அம்மா டிரினிடாட்டைச் சேர்ந்தவர், அப்பா ஜிம்பாப்வேக்காரர். சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. வளர்ந்தது நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள லாங் ஐலண்டில். ராப் எழுதுவார், பாடுவார், பீட்டும், அதாவது பின்னணித் தாளமும் இசையும், அவரே செய்வார். ‘எம்.எஃப்.’ என்றால் பாடும்போது மெட்டல் ஃபேஸ், அதாவது இரும்பு முகம். பீட் செய்யும்போது மெட்டல் ஃபிங்கர்ஸ், இரும்பு விரல்கள். ஒரே ஆள், இரண்டு வேலை, இரண்டுக்கும் அதே இரண்டு எழுத்து.

‘ஆப்பரேஷன்: டூம்ஸ்டே’ 1999-இல் வந்தது. டூம் என்ற பெயரில் அவருடைய முதல் தனி ஆல்பம். ஆனால் அது அவருடைய முதல் ஆல்பம் இல்லை. இந்த வித்தியாசத்தில்தான் கதையே இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

‘அண்டர்கிரவுண்ட்’ என்கிறீர்களே, தலைமறைவாக இருந்து பாடுவதா?

இல்லை. பெரிய கம்பெனிகளின் பணம், வானொலி, தொலைக்காட்சி எதுவும் இல்லாமல் ஓடிய ஒரு கிளை. 90களின் நடுவில் நியூயார்க்கில் இதற்கென்று ஒரு தனி வழி இருந்தது. வீட்டிலோ சின்ன ஸ்டுடியோவிலோ பதிவு செய்து, சில நூறு, சில ஆயிரம் 12 அங்குல வினைல் இசைத்தட்டு அடித்து, குறிப்பிட்ட சில கடைகளில் வைப்பார்கள். கல்லூரி வானொலியில் நள்ளிரவில் ஒலிக்கும். கேட்டவர்கள் கேசட்டில் பதிவு செய்து கைமாற்றுவார்கள்.

அந்த வானொலிகளில் பேர் போனது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். அதில் ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங் என்பவரோடு சேர்ந்து 1990 முதல் 1998 வரை நிகழ்ச்சி நடத்தியவர் பாபிட்டோ கார்சியா. அவரே ‘ஃபாண்டில் எம்’ என்று ஒரு சின்ன லேபிளும், அதாவது இசைத்தட்டு வெளியிடும் கம்பெனியும், வைத்திருந்தார். டூமின் சிங்கிள்கள், அதாவது ஓரிரு பாட்டு மட்டும் உள்ள தட்டுகள், 1997-இல் அங்கேதான் வரத் தொடங்கின, ஆல்பமும் அங்கேதான் வந்தது. ‘ரைம்ஸ் லைக் டைம்ஸ்’ பாட்டின் கடைசியில் சம்பந்தா சம்பந்தமில்லாமல் ஒருவர் உளறிக்கொண்டே போவார் இல்லையா? அவர்தான் பாபிட்டோ, டி.ஜே. குக்கும்பர் ஸ்லைஸ் என்ற புனைபெயரில். லேபிள் முதலாளியே பாட்டில் வந்து கோமாளித்தனம் செய்யலாம் என்றால் அது எப்படிப்பட்ட லேபிள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை பாட்டு? நடுவில் கார்ட்டூன் ஓடுகிறதே?

19 தடங்கள். அதில் ஐந்து ஸ்கிட், அதாவது பாட்டுகளுக்கு நடுவே வரும் சின்ன நாடகத் துண்டுகள். கடைசித் தடம் இ. மேசன் என்பவர் பேசும் ஒரு முடிவுரை. கார்ட்டூன் போலக் கேட்பது கார்ட்டூன்தான். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ தொடரிலிருந்து டாக்டர் டூம் வரும் வசனங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார். அவசரப்பட்டு அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். ஆல்பத்துக்குக் கதை இருப்பதுபோல ஒரு பிரமையைக் கொடுப்பதே அவைதான்.

எனக்கு ஆங்கில ராப் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இரண்டாவது தடத்திலிருந்து: ‘டூம்ஸ்டே’. ஷாடே 1992-இல் பாடிய ‘கிஸ் ஆஃப் லைஃப்’ பாட்டின் மிருதுவான ஒரு துண்டு சுற்றிச் சுற்றி வரும். அதன்மேல் கனத்த டிரம். வார்த்தையே வேண்டாம், முதல் நாள் இதை மட்டும் நாலு தடவை கேளுங்கள். அப்புறம் ‘ரைம்ஸ் லைக் டைம்ஸ்’. அதற்கடுத்து ‘டிக், டிக்...’. இந்தக் கடைசிப் பாட்டில் தாளம் வேகம் கூடும், குறையும், மறுபடியும் கூடும். உங்கள் ஃபோனில் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்த ஓட்டத்தின் மேல் டூமும் அவர் சிநேகிதரான ராப்பர் எம்.எஃப். கிரிம்மும் தடுமாறாமல் பாடுவதுதான் வித்தை.

வார்த்தைக்கு இரண்டாம் வாரம் வாருங்கள். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே பாதி வரிகளுக்குப் பொருள் தேடி அலைகிறார்கள், நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேட்டேன். பாதியில் விட்ட வேலை மாதிரி இருக்கு. ரெக்கார்டிங் மோசமா, என் இயர்போன் மோசமா?

இயர்போனைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் ஒலி அளவு மாறும், குரல் சில இடங்களில் மங்கலாக இருக்கும், லூப், அதாவது சுற்றிச் சுற்றி வரும் இசைத்துண்டு, சேரும் இடத்தில் தையல் தெரியும். காரணம் எளிது. இது ஒரே மூச்சில் ஸ்டுடியோவில் உட்கார்ந்து செய்த ஆல்பம் இல்லை. ‘டெட் பெண்ட்’, ‘கேஸ் டிரால்ஸ்’, ‘ஹே!’ போன்றவை 1997-இல் சிங்கிளாக வந்தவை. ‘ரெட் அண்ட் கோல்ட்’ 1998. இப்படிச் சேர்ந்தவற்றோடு புதிய பாட்டுகளையும் வைத்துக் கோத்ததுதான் ஆல்பம். கையில் காசில்லாத காலத்து வேலை.

சரி, அது குறையா? எனக்கு முதலில் குறையாகத்தான் பட்டது. பிறகு யோசித்தேன்: இதைச் சுத்தம் செய்து மெருகேற்றினால் என்ன மிஞ்சும்? பக்கத்து அறையில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பதைக் கேட்பதுபோன்ற அந்த நெருக்கம் போய்விடும். ஆனால் இதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ‘ஹூ யூ திங்க் ஐ ஆம்?’ பாட்டின் நெரிசலை இன்றைக்கும் நான் முழுதாக ரசிப்பதில்லை.

முகமூடி எதற்கு? விளம்பரத் தந்திரம்தானே?

தந்திரம்தான், ஆனால் வழக்கமான விளம்பரத்துக்கு நேர் எதிரானது. 1997 வாக்கில் மன்ஹாட்டனில் உள்ள நியூயோரிக்கன் பொயட்ஸ் கஃபேயில், யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம் என்ற இரவுகளில், பெண்கள் அணியும் காலுறையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒருவர் வந்து பாடிவிட்டுப் போனார். அதுதான் ஆரம்பம். உலோக முகமூடி பின்னால் வந்தது. ஆல்பத்தின் அட்டையைக் காமிக்ஸ் புத்தகம் போல வரைந்த லார்ட் ஸ்காட்ச் என்ற கிராஃபிட்டி ஓவியர்தான் முகமூடியின் ஆரம்ப வடிவத்தையும் செய்து கொடுத்தார். பிற்காலத்தில் எல்லாப் படங்களிலும் பார்க்கும் முகமூடி, ‘கிளாடியேட்டர்’ படத்தில் வரும் முகமூடியின் நகலை வைத்துச் செய்தது. ஆகவே 1999-இல் அது இருந்திருக்க வழியில்லை. பழைய கதை சொல்லும்போது இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பேட்டிகளில் டூம் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் ஒன்றுதான்: ஹிப்-ஹாப் என்றாலே பாடுபவன் எப்படி இருக்கிறான், என்ன செருப்பு போட்டிருக்கிறான் என்று ஆகிவிட்டது, முகத்தை எடுத்துவிட்டால் காது மட்டும்தானே மிஞ்சும். இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்த முகம் ஏற்கெனவே தொலைக்காட்சியில் வந்த முகம்.

தொலைக்காட்சியில் வந்த முகமா? அப்போ முன்னாடியே பிரபலமா?

ஓரளவு. ஸெவ் லவ் எக்ஸ் என்ற பெயரில். 1989-இல் தேர்ட் பேஸ் என்ற ராப் குழுவின் ‘தி கேஸ் ஃபேஸ்’ பாட்டில் ஒரு பகுதி பாடியவர் அவர். பிறகு கே.எம்.டி. என்ற குழுவோடு எலக்ட்ரா என்ற பெரிய கம்பெனியில் 1991-இல் ‘மிஸ்டர் ஹூட்’ ஆல்பம். குழுவில் இன்னொருவர் சொந்தத் தம்பி டிங்கிலிஸ்வே, மேடைப் பெயர் சப்ராக். மூன்றாவது ஆனிக்ஸ். ‘மிஸ்டர் ஹூட்’ குறும்பும் வெயிலுமான ஆல்பம். நிறவெறியைச் சிரித்துக்கொண்டே குத்திக் காட்டும்.

அதே கையோடு ‘ஆப்பரேஷன்: டூம்ஸ்டே’யைக் கேட்டுப் பாருங்கள். குரலே வேறு. ஸெவ் லவ் எக்ஸின் குரல் துள்ளும். டூமின் குரல் தடித்து, தூக்கம் கலையாததுபோல, கொஞ்சம் கரகரத்து வரும். இரண்டும் ஒரே ஆள் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. இடையில் நடந்தது அப்படி.

இடையில் என்ன நடந்தது? தம்பி இறந்துவிட்டாராமே?

ஆமாம். 1993 ஏப்ரலில், லாங் ஐலண்டில் ஒரு விரைவுச் சாலையைக் கடக்கும்போது கார் மோதி சப்ராக் இறந்துபோனார். கே.எம்.டி.யின் இரண்டாவது ஆல்பம் ‘பிளாக் பாஸ்டர்ட்ஸ்’ முடியும் தறுவாயில் இருந்தது. மிச்சத்தை அண்ணன் தனியாக முடித்தார்.

1994-இல் வெளியாக இருந்தது. அட்டையில் அவரே வரைந்த படம்: ‘சாம்போ’ என்ற உருவம் தூக்கில் தொங்குகிறது. சாம்போ என்பது வெள்ளையர்கள் கறுப்பர்களைக் கேலி செய்ய உருவாக்கிய, பல்லைக் காட்டிச் சிரிக்கும் கேலிச்சித்திரம். அந்தக் கேலியைத்தான் தூக்கில் போட்டிருந்தார். ஆனால் படத்தைப் பார்த்தவர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். இசைத்தொழில் பத்திரிகையான ‘பில்போர்ட்’டில் கண்டித்து எழுதப்பட்டது. எலக்ட்ரா பயந்து ஆல்பத்தை நிறுத்தியது, குழுவையும் கைகழுவியது. தம்பி போய் ஓராண்டு கழிந்த நேரம். தம்பியின் கடைசி வேலையும் பெட்டிக்குள் போய்விட்டது. அது முறையாக வெளிவர 2000 வாக்கில் ஆகிவிட்டது.

அதன்பின் மூன்று வருடம் ஆள் கண்ணிலேயே படவில்லை. மன்ஹாட்டன் தெருக்களில் நடந்து, பெஞ்சுகளில் தூங்கி, கிட்டத்தட்ட வீடற்றவனாக இருந்தேன் என்று பின்னாளில் அவரே சொன்னார். பிறகு அந்தக் காலுறை முகத்தோடு கஃபே மேடை. முகமூடிக்கு விளம்பரம் என்று பேர் வைப்பவர்களிடம் இந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

டாக்டர் டூம் காமிக்ஸ் படித்திருந்தால்தான் புரியுமா?

படிக்க வேண்டாம். இவ்வளவு தெரிந்தால் போதும்: 1962-இல் மார்வெல் காமிக்ஸில் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் அறிமுகப்படுத்திய வில்லன். பெரிய விஞ்ஞானி. ஒரு விபத்தில் முகம் சிதைந்துபோக, இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு உலகத்தைப் பழிவாங்கக் கிளம்புகிறான். முந்தைய பதிலோடு சேர்த்துப் பாருங்கள். இசைத்தொழில் சிதைத்த முகம், அதை மறைக்கும் இரும்பு, பழிவாங்கத் திரும்பி வருதல். டூமிலே என்ற குடும்பப் பெயரால் சின்ன வயதிலிருந்தே ‘டூம்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வேஷம் தானாகவே வந்து பொருந்திவிட்டது.

இன்னொன்று கவனியுங்கள். பாட்டுகளில் டூம் தன்னைப் பற்றி ‘நான்’ என்பதைவிட ‘அவன்’ என்று சொல்வது அதிகம். கதாபாத்திரத்தை எழுதுபவர் வேறு, கதாபாத்திரம் வேறு. ராப்பில் எல்லோரும் ‘இது என் சொந்த வாழ்க்கை, சத்தியமான உண்மை’ என்று மார்தட்டிய காலத்தில், இவர் ‘இது ஒரு வேஷம்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு உண்மையைச் சொன்னார்.

அப்போ இது சோக ஆல்பமா? எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சிரிப்பு வரவேண்டும். ‘ஹே!’ பாட்டின் பீட்டே ஸ்கூபி-டூ கார்ட்டூனின் இசையிலிருந்து எடுத்தது. பீர், சாப்பாடு, வாய்நாற்றம், சில்லறைக் கடன் என்று அற்ப விஷயங்களை வீரகாவியம் போலப் பாடுவார். எதிராளியைத் திட்டும்போதுகூட ஒரு தாத்தா திட்டுவதுபோல இருக்கும்.

எழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது செத்தவரைப் பற்றி ஒரு வேடிக்கையைச் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள், திடீரென்று ஒருவர் எழுந்து உள்ளே போய்விடுவார். இந்த ஆல்பம் எனக்கு அந்தத் திண்ணைதான். ஐந்து பாட்டு வேடிக்கையாகப் போகும், நடுவில் ஒரு வரி கீழே இழுத்துவிடும்.

அடுத்தவன் பாட்டை எடுத்துச் சுற்ற விட்டிருக்கிறார். இது திருட்டு இல்லையா சார்?

சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். 1991-இல் பிஸ் மார்க்கி என்ற ராப்பருக்கு எதிராக அமெரிக்க நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் அனுமதி வாங்காமல் எதையும் வெளியிடப் பயந்தன. சின்ன லேபிள்கள் குறைந்த எண்ணிக்கையில் அடித்ததால் யாரும் அவற்றைத் தேடி வரவில்லை. அண்டர்கிரவுண்டின் சுதந்திரம் என்று சிலாகிக்கப்படுவதில் பாதி இந்தக் கண்ணில் படாமைதான்.

ஒரு உதாரணம். ஸ்டீலி டான் குழு 1977-இல் வெளியிட்ட ‘பிளாக் கௌ’ பாட்டின் அதே மெட்டை 1997-இல் இரண்டு பாட்டுகள் எடுத்துக்கொண்டன. ஒன்று டூமின் ‘கேஸ் டிரால்ஸ்’. மற்றது லார்ட் தாரிக், பீட்டர் கன்ஸ் இருவரின் ‘டேஜா வு’. இரண்டாவது நாடு முழுக்க ஹிட் ஆனது. பாட்டின் உரிமை வருமானத்தை ஸ்டீலி டான்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். முதலாவது யாருக்கும் தெரியாமல் வினைல் கடைகளில் கிடந்தது.

கலை என்ற அளவில் கேட்டால், எதை எடுத்தார் என்பதைவிட எடுத்ததை என்ன ஆக்கினார் என்று பார்க்கச் சொல்வேன். எல்லா இடத்திலும் பெரிதாக எதுவும் ஆக்கவில்லை என்பதும் உண்மை. சில பாட்டுகளில் லூப்பை அப்படியே ஓடவிட்டு டிரம்மை மட்டும் கனமாக்கியிருக்கிறார். ஆனால் தேர்வே பாதி வேலை.

பஃப் டாடியும் அதே வருஷம் பழைய ஹிட் பாட்டுகளைத்தானே லூப் போட்டார்? அவரை மட்டும் ஏன் கேவலமாகப் பேசுகிறீர்கள்?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் என்னைக் கொஞ்ச நேரம் மடக்கிவிட்டார். 1997-இல் டூமும், அன்றைய பெரிய ராப் நட்சத்திரமான பஃப் டாடியும் செய்தது மேலோட்டமாக ஒன்றுதான். அன்றைய அண்டர்கிரவுண்ட் தயாரிப்பாளர்கள் 60கள், 70களின் ஜாஸ், ஃபங்க் தட்டுகளை, அதுவும் யாருக்கும் தெரியாதவற்றைத் தோண்டி எடுப்பதில் பெருமைப்பட்டார்கள். டூம் அந்தக் கட்டுப்பாட்டை மதிக்கவில்லை. குவின்சி ஜோன்ஸின் 1981-ஆம் வருடத்து ‘ஒன் ஹண்ட்ரட் வேஸ்’ பாட்டிலிருந்து ‘ரைம்ஸ் லைக் டைம்ஸ்’, எஸ்.ஓ.எஸ். பேண்டின் 80களின் பாட்டிலிருந்து ‘தி ஃபைனஸ்ட்’. அம்மாவும் சித்தியும் சமையலறையில் கேட்ட மெல்லிசை. அந்த அண்டர்கிரவுண்ட் சங்கத்துக்காரர்கள் முகம் சுளிக்கும் ரகம்.

பஃப் டாடி என்ன செய்தார்? 1997 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்ட நண்பர் நட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் நினைவாக, தி போலீஸ் குழுவின் 1983-ஆம் வருடத்து ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ மெட்டில் ‘ஐல் பீ மிஸ்ஸிங் யூ’ பாடினார். உலகம் முழுக்க ஓடியது. அதாவது ஒரே வருடங்களில், ஒரே நகரத்துச் சுற்றுவட்டாரத்தில், இரண்டு பேர் செத்துப்போன தம் ஆளுக்காகப் பழைய மெல்லிசையின்மேல் அழுதிருக்கிறார்கள். ஒன்று எல்லோரும் சேர்ந்து பாட வசதியாக, தேவாலயக் கோரஸோடு வந்தது. இன்னொன்று வாய்க்குள் முணுமுணுப்பாக, சிரிப்புகளுக்கு நடுவே ஒளித்து வைத்து வந்தது. எனக்கு இரண்டாவது பிடிக்கிறது. ஆனால் முதலாவதைப் போலி என்று சொல்ல நான் யார்? இந்த ஒரு விஷயத்தில் என் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டேன்.

ரைம் ரைம் என்று உருகுகிறீர்கள். நம்ம எதுகை மோனையில் இல்லாத என்ன இருக்கிறது அதில்?

நம்மிடம் எதுகை அடியின் தொடக்கத்தில் வரும், இயைபு கடைசியில் வரும். சாதாரண ராப்பில் இயைபுதான், வரி முடியும் இடத்தில் ஒரு ஒலி. டூம் ஒரு நீண்ட ஒலிக்கோவையை எடுத்து வரி முழுக்க இறைத்துவிடுவார். மூன்று நான்கு அசைகள் அப்படியே ஒத்து வரும், ஆனால் வார்த்தைகள் முற்றிலும் வேறாக இருக்கும். அடுத்து எந்த வார்த்தை வரப்போகிறது என்று காது ஊகித்துக் காத்திருக்கும்போது அதைத் தவிர்த்துவிட்டு வேறொன்றைப் போடுவார்.

‘டூம்ஸ்டே’யின் பல்லவியைப் பாருங்கள். கல்லறை என்ன சொல்லும் என்பதற்கான ஆங்கிலச் சொற்களை ‘டூம் வில் சே’ என்று உச்சரிக்கிறார். அதற்கு இயைபாகத் தன் குடும்பப் பெயரான ‘டூமிலே’யை வைக்கிறார். அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு இதுவே சான்று. நடுவில் ‘கவர்ன்மெண்ட்’ என்று ஒரு சொல் வரும். அரசாங்கத்தைத் திட்டுகிறார் என்று ஒரு நண்பர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். அந்தத் தெருமொழியில் அதற்கு அர்த்தம் அரசாங்கப் பதிவில் உள்ள பெயர், நாம் ‘ரேஷன் கார்டுப் பேர்’ என்போமே, அது.

சிலேடையும் உண்டு. காளமேகத்தை ரசித்தவர்களுக்கு டூம் அந்நியமாக இருக்க மாட்டார். ‘டைம்’ என்பது பத்து சென்ட் நாணயம், தெருவில் பத்து டாலருக்கு விற்கும் போதைப் பொட்டலத்துக்கும் அதே பேர். ஆக ‘ரைம்ஸ் லைக் டைம்ஸ்’ என்பவன் ரைம்களைச் சில்லறை போல வைத்திருப்பவனா, பொட்டலம் போல விற்பவனா? இரண்டும்தான்.

‘ரெட் அண்ட் கோல்ட்’ பாட்டில் கூட வரும் கிங் கிட்ரா யார்?

அவரேதான். காட்ஸிலா படங்களில் வரும் மூன்று தலை டிராகனின் பெயரில் இன்னொரு வேஷம். முகமூடிக்குள் இன்னொரு முகமூடி. 2003-இல் இந்தப் பெயரில் தனியாக ஒரு ஆல்பமே போட்டார், அதே வருடம் விக்டர் வான் என்ற மூன்றாவது பெயரில் இன்னொன்றும்.

சோலோ ஆல்பம் என்கிறீர்கள். ஒரு கூட்டமே பாடுகிறதே?

பீட்டும் பார்வையும் ஒருவருடையது என்பதால் சோலோ. வந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிநேகிதர்கள். மான்ஸ்டா ஐலண்ட் ஸார்ஸ் என்ற கூட்டத்தில் ஆளாளுக்கு ஜப்பானிய அரக்கப் படப் பெயர் ஒன்று: மெகலான், ரோடன் என்று. ‘டிக், டிக்...’ பாட்டில் வரும் எம்.எஃப். கிரிம் 1994-இல் துப்பாக்கிச் சூட்டில் நடக்கும் சக்தியை இழந்தவர், சக்கர நாற்காலியிலிருந்து பாடுகிறார். தாளம் தள்ளாடும் அந்தப் பாட்டில் அவர் குரல் எவ்வளவு நிதானம் என்று கேளுங்கள்.

எல்லோரும் ‘மேட்வில்லனி’தான் உச்சம் என்கிறார்கள். அதைக் கேட்டால் போதாதா?

2004-இல் மேட்லிப் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்தது அது. கைத்திறன் என்று பார்த்தால் அதுதான் மேல், சண்டை போட மாட்டேன். பாட்டுகள் சிறியவை, இறுக்கமானவை, ஒரு வார்த்தைகூட வீணில்லை. ஆனால் அதில் வில்லன் வேஷம் முழுதாக இறுகிவிட்டது. ‘ஆப்பரேஷன்: டூம்ஸ்டே’யில் முகமூடி இன்னும் சரியாகப் பொருந்தவில்லை, ஓரத்தில் தோல் தெரிகிறது. எனக்கு அந்த ஓரம்தான் வேண்டும். தவிர, தன் பெயரை ஆங்கிலத்தில் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி அடம்பிடிப்பதும் ‘மேட்வில்லனி’ காலத்து விஷயம். தமிழில் எழுதுகிற நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

கச்சேரிக்குத் தனக்குப் பதில் வேறு ஆளை முகமூடி மாட்டி அனுப்பினாராமே? மோசடி இல்லையா?

அனுப்பினார். அது இந்த ஆல்பத்துக்குப் பல வருடம் கழித்து. கேட்டதற்கு, இயக்குநர் தன் பாத்திரத்துக்கு எந்த நடிகரையும் போடலாம் என்கிற ரீதியில் பதில் சொன்னார். முகமூடியின் தர்க்கப்படி சரிதான். டிக்கெட் வாங்கி நின்றவரின் தர்க்கப்படி மோசடிதான். நான் டிக்கெட் வாங்கியவர் பக்கம்.

எந்தப் பதிப்பை வாங்குவது?

ஃபாண்டில் எம் வெளியிட்ட முதல் வினைலைச் சேகரிப்பவர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள், விலையும் நமக்குக் கட்டாது. அந்த லேபிள் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. அதே வருடம் சப் வெர்ஸ் என்ற லேபிள் மறுபடி வெளியிட்டது, பின்னால் அவருடைய சொந்த லேபிளான மெட்டல் ஃபேஸ் வெளியிட்டது. 2011-இல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோகும் தகர டிபன் டப்பாவில் வைத்து ஒரு சிறப்புப் பதிப்பும் வந்தது. அதில் வரிகள் அச்சிட்ட புத்தகம் உண்டு, உபயோகமானது. கேட்க மட்டும் என்றால் ஸ்ட்ரீமிங்கில் இருக்கிறது. மேலே ஒலிப்பதிவு பற்றிச் சொன்னது எந்தப் பதிப்பிலும் மாறாது.

18-ஆவது பாட்டின் பெயர் வெறும் கேள்விக்குறியாக இருக்கிறதே, அச்சுப் பிழையா?

இல்லை, பாட்டின் பெயரே ‘?’தான். குரியஸ் என்ற ராப்பர் கூடப் பாடுகிறார். இவ்வளவு நேரம் ‘அவன்’, ‘வில்லன்’ என்று பேசிக்கொண்டிருந்தவர் இந்தப் பாட்டில் தம்பியைப் பார்த்து நேராக ‘நீ’ என்கிறார். இரட்டையர் மாதிரி இருந்தோம், எல்லாம் சேர்ந்தே செய்தோம் என்கிறார். தொழுகையில் ரக்அத்துகளைச் சேர்ந்து தொழுதது, தோல் ஜாக்கெட் சேர்ந்து வாங்கியது எல்லாம் வரும். கையில் வெட்டரிவாளோடு தம்பி நிற்கும் ஒரு புகைப்படத்தை இன்னமும் வைத்திருக்கிறேன், எல்லாம் திட்டப்படியே நடக்கிறது என்று தம்பிக்குத் தகவல் சொல்வதுபோல முடிக்கிறார். முதல்முறை வரிகளோடு கேட்டபோது நான் பாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

டூம் 2020 அக்டோபர் 31-ஆம் தேதி இங்கிலாந்தில் இறந்தார். அமெரிக்கக் குடியுரிமை கிடைக்காததால் 2010-இல் திரும்ப உள்ளே விடப்படாமல், பிறந்த நாட்டிலேயே தங்க நேர்ந்தவர். குடும்பம் செய்தியை இரண்டு மாதம் தங்களோடு வைத்திருந்து டிசம்பர் 31 அன்றுதான் சொன்னது. மேலே சொன்ன ‘டூம்ஸ்டே’ பல்லவியில், தம்பி போன இடத்துக்கே தானும் போய்ச் சேரும்வரை என்று ஒரு வரி இருக்கிறது. அதை இப்போது கேட்பவர்கள் முன்பு நாங்கள் கேட்ட பாட்டைக் கேட்பதில்லை.